இந்த சீசனில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? திருகோணமலைப் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிய நாடகங்கள், மறுபடி வரும் நிகழ்ச்சிகள், வெப் தொடர்கள் பற்றி உவர்மலையிலும் அன்புவழிபுரத்திலும் கிண்ணியாவிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கருத்துகள் எங்களுடையவை. நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறோம்.

பழைய நாடகமொன்று ‘இரண்டாம் பாகம்’ என்று திரும்பி வருகிறது. பார்க்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது?

நடிகர்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தலைப்புப் பாட்டில் ஓடும் பெயர்களில் இயக்கம், திரைக்கதை, வசனம் என்ற மூன்றையும் தேடுங்கள். முதல் பாகத்தில் இருந்தவர்கள் மூன்றிலும் இல்லையென்றால், வருவது பழைய பெயர்ப்பலகை மாட்டிய புதுக்கடை. அது நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் பழைய பாசத்துக்காக அதன் முன் உட்காரக் கூடாது.

அடுத்து, இரண்டு வாரம் கொடுங்கள். திங்கள் முதல் சனி வரை என்றால் பன்னிரண்டு எபிசோட். அரை மணி நேரத்தில் விளம்பரம், முன்கதை, தலைப்பு எல்லாம் போக இருபது நிமிடம் அளவில்தான் புதிய காட்சி கிடைக்கும். ஆகவே பன்னிரண்டு எபிசோட் என்பது சுமார் நான்கு மணி நேரக் கதை. அதற்குள் பாத்திரங்களில் ஒருவராவது பின்வாங்க முடியாத ஒரு முடிவை எடுத்திருக்க வேண்டும். வீட்டை விட்டுப் போதல், கையெழுத்து வைத்தல், உண்மையைச் சொல்லிவிடுதல், இப்படி ஏதாவது. அப்படி ஒன்றும் நடக்கவில்லையென்றால் அடுத்த இரண்டு மாதமும் நடக்காது.

இழுவை தொடங்கிவிட்டது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஒரே அறையை மூன்று கோணத்தில் காட்டுவார்கள், அதற்குப் பிறகு அறையில் நிற்கும் எட்டுப் பேரின் முகத்துக்கும் தனித்தனியாக கமரா போகும். கதவுக்குப் பின்னால் நிற்பவர் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைக் கேட்காமல் போவார். வெள்ளிக்கிழமை நடந்த பெரிய சண்டை திங்கட்கிழமை கனவாகிவிடும். இவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் வந்தால் கைவிடலாம்.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ பார்க்க முதல் பாகம் பார்த்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. முதல் பாகம் 2018 ஒக்டோபரிலிருந்து 2023 ஒக்டோபர் வரை அண்ணன் தம்பிகளின் கூட்டுக்குடும்பக் கதையாக ஓடியது. இரண்டாவது உடனேயே தொடங்கினாலும் கதை புதிது, அப்பாவுக்கும் மகன்மாருக்கும் இடையில் நடப்பது. கடையும் பெயரும் சில முகங்களும்தான் பழையவை.

‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ முதல் பாகம் போல இருக்கிறதா?

இது மேலே சொன்னதற்கு நேர்மாறு. முதல் பாகம் 2022 பெப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது, அதே கதையை 2024 டிசம்பரில் மறுபடி எடுத்தார்கள். இயக்குநரும் ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம்தான். புதிதாகச் சேருபவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: ஆதி குணசேகரன் என்ற அண்ணனின் பிடியில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு மருமகள்மார் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி. நால்வரும் படித்தவர்கள் அல்லது திறமைசாலிகள், நால்வரையும் குசினிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் காலமானார். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் நல்ல நடிகர், மிரட்டலில் குறையில்லை. ஆனால் மாரிமுத்துவின் குணசேகரன் பயமுறுத்திக்கொண்டே சிரிக்கவும் வைத்தான். ‘இந்தாம்மா ஏய்’ என்று அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம், அப்படி ஒருவரை எங்கள் ஒவ்வொருவரின் சொந்தத்திலும் கண்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பு போனதும் பாத்திரம் வெறும் வில்லனாகிவிட்டது. நடிகர் மாறியதன் இழப்பு இது, எழுத்தும் அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை.

இன்னும் பார்க்கத் தகுந்தது எது என்றால், நாலு பெண்களும் மரக்கறி வெட்டிக்கொண்டே கதைக்கும் காட்சிகள். ஒருவர் அழும்போது நந்தினி ஒரு பகிடி விடுவார், அடுத்த நொடி அந்தப் பகிடியே அழுகையாகும். தமிழ் நாடகங்களில் பெண்கள் ஒருவரோடொருவர் இவ்வளவு இயல்பாகக் கதைத்தது குறைவு. கடத்தல், பொலிஸ், அடியாள் என்று போகும் வாரங்களை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது.

‘சிறகடிக்க ஆசை’யில் ரோகிணியின் ரகசியத்துக்கு ஏன் இவ்வளவு இழுவை?

2023 ஜனவரியில் தொடங்கிய இந்த நாடகத்தின் பலம் முத்துவும் மீனாவும். கார் ஓட்டுபவரும் பூக்கட்டுபவருமான அந்த இருவரின் காசுக் கணக்கு, சின்னச் சண்டை, சமாதானம் எல்லாம் உண்மையாக இருக்கின்றன. ரோகிணி தன் முதல் கலியாணத்தையும் மகனையும் மறைப்பது இரண்டாம் கதை. அந்த ரகசியம் வெளிப்பட்டால் அவருக்கும் மாமியார் விஜயாவுக்கும் இடையிலான விளையாட்டு முடிந்துவிடும் என்பதால், வெளிவரப்போகும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வாசலில் வழுக்கி விழ வேண்டியிருக்கிறது. முத்து, மீனா காட்சிகளுக்காகப் பாருங்கள். ரோகிணி மாட்டப் போகிறார் என்று புரோமோ வந்தால் அன்று வேறு வேலை பார்க்கலாம்.

புரோமோ பற்றி ஒரு பொது விதி: அதில் வரும் மிகப் பெரிய அதிர்ச்சி பெரும்பாலும் எபிசோடின் கடைசி நிமிடத்தில்தான் வரும், அதன் விளைவு அடுத்த நாள் தணிந்துவிடும்.

கோணேசர் நகர்வல நாட்களில் ஒரு வாரம் விட்டுப்போனது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் கடைசி எபிசோடின் முன்கதையைப் பாருங்கள், பிறகு சனிக்கிழமை எபிசோடை முழுதாகப் பாருங்கள். பெரும்பாலான நாடகங்கள் வாரத்தின் திருப்பத்தைச் சனிக்கு வைக்கும். அதற்கும் புரியவில்லையென்றால் புதன்கிழமையை மட்டும் சேருங்கள். ‘மகாசங்கமம்’ என்று இரண்டு நாடகங்களை ஒரு மணி நேரமாக இணைக்கும் வாரங்கள் விட்டுப்போனால் கவலையே வேண்டாம். அவை நேயர்களை ஒரு நாடகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிப்போகச் செய்யும் ஏற்பாடு, மூலக்கதை அங்கே நகர்வது அபூர்வம்.

நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இதே கேள்வி வரும். தராவீஹ் தொழுகையும் முக்கிய நாடக நேரமும் மோதும். அந்த மாதம் தினசரி நாடகத்தை நிறுத்திவிட்டு, ஏழெட்டு எபிசோடில் முடியும் வெப் தொடர் ஒன்றை ஸஹர் உணவுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பது வசதி.

இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதானா?

ஆம், 2006 ஏப்ரலிலிருந்து ஒன்றே. ‘மெட்டி ஒலி’ ஓடிய காலத்தில் இலங்கை நேரம் அரை மணி முன்னால் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்னும் சில வீடுகளில் கணக்குப் பார்ப்பதுண்டு, தேவையில்லை.

பிக் பாஸ் தினமும் பார்க்க வேண்டுமா? விஜய் சேதுபதி எப்படி?

நூறு நாளுக்கு மேல் தினமும் ஒரு மணி நேரத்துக்குப் பெறுமதியான நிகழ்ச்சி அல்ல இது. ஆனால் கெட்டிக்காரத்தனமாகப் பார்த்தால் நல்ல பொழுதுபோக்கு. வெளியேற்றத்துக்குப் பெயர் சொல்லும் திங்கட்கிழமை நியமனத்தைப் பாருங்கள், யார் யாரை ஏன் சொன்னார் என்பதில் வாரத்தின் கதை முழுதும் இருக்கும். பிறகு சனி, ஞாயிறு. நடுவில் உள்ள நாட்களின் சண்டைகளை வார இறுதியில் குறும்படமாகப் போட்டுக் காட்டுவார்கள்.

2017இல் தொடங்கி ஏழு சீசன் கமல்ஹாசன் நடத்தினார். 2024 ஒக்டோபரில் எட்டாவது சீசனோடு விஜய் சேதுபதி வந்தார். கமல் ஒரு கேள்வியைச் சுற்றி வளைத்து வந்து, பதில் சொல்பவரைத் தானாக ஒப்புக்கொள்ள வைப்பார். இடையில் புத்தகம் ஒன்றையும் பரிந்துரைப்பார். சேதுபதி நேரே கேட்பவர். பூசி மெழுகினால் வெட்டிவிடுவார். சாதாரண ஆள் கேட்க நினைப்பதை அவர் கேட்கிறார் என்பதால் எட்டாவது சீசனின் முதல் வாரங்கள் எங்களுக்கு உற்சாகமாக இருந்தன. குறை என்னவென்றால், நீளமாக விளக்கினால்தான் நியாயம் புரியும் ஒருவரையும் அதே வேகத்தில் வெட்டுகிறார். தயங்கிப் பேசுபவர் தோற்று, வாய்ச்சவடால் தப்புகிறது. அந்த சீசனை முத்துக்குமரன் வென்றது, கோர்வையாகக் கதைக்கத் தெரிந்தவருக்கு இந்த முறை எவ்வளவு சாதகம் என்பதையும் காட்டியது.

எங்கள் பிள்ளைகள் இந்தியத் தொலைக்காட்சிப் போட்டிக்குப் போனால் நாங்கள் பார்ப்பது அவர்களுக்கு உதவுமா?

டிஆர்பி எனும் பார்வையாளர் கணக்கில் உதவாது. அது இந்தியாவில் பார்க் (BARC) அமைப்பு தெரிவுசெய்த வீடுகளில் கருவி பொருத்தி எடுக்கும் கணக்கு. திருகோணமலையில் ஒரு தெரு முழுக்க ஒரே அலைவரிசையை வைத்திருந்தாலும் அதில் ஒரு புள்ளி கூடாது. யூடியூப்பில் அந்த அலைவரிசையின் சொந்தப் பக்கத்தில் பார்த்தால் அந்தப் பார்வை எண்ணப்படும். ஆகவே வெட்டி ஒட்டிப் போடும் பக்கங்களை விட்டுவிட்டு மூலப் பக்கத்தில் பாருங்கள்.

பிக் பாஸ் மூன்றாவது சீசனில் லொஸ்லியாவும் தர்ஷனும், ஆறாவதில் ஜனனியும் இலங்கையிலிருந்து போனார்கள். 2023 டிசம்பரில் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பட்டத்தை யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றார். அதன்பின் பாட்டு நிகழ்ச்சிகளில் இலங்கைப் பிள்ளைகளுக்குத் தனி வரவேற்பு வந்திருக்கிறது. அது மகிழ்ச்சி. ஆனால் ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. பிள்ளை பாட வந்ததும், பாட்டைவிட நீளமாகப் போரையும் இழப்பையும் காட்டும் ஒரு காணொளி ஓடும், நடுவர்கள் அழுவார்கள், பிறகுதான் பாட்டு. பாடும் பிள்ளைக்குச் சுருதியும் மூச்சும்தான் முதலில் கேட்கப்பட வேண்டும். அழுகைக் காணொளியைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். சரணத்தில் மூச்சு எங்கே எடுக்கிறார், மேல் ஸ்தாயியில் சொல் தெளிவாக இருக்கிறதா என்று கவனித்தால், யார் உண்மையில் முன்னால் நிற்கிறார் என்று நான்காம் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

‘குக் வித் கோமாளி’ முன்பு போல இல்லையே?

இல்லைத்தான். நடுவர்களில் ஒருவரான வெங்கடேஷ் பட் 2024இல் வேறு அலைவரிசைக்குப் போன பிறகு, தாமுவும் அவரும் மாறி மாறிக் கோமாளிகளைத் திட்டிக்கொண்டே சமையலைச் சொல்லிக்கொடுத்த அந்தச் சேர்க்கை உடைந்தது. ஐந்தாவது சீசனில் மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார், ஆறாவதில் செஃப் கௌஷிக்கும் சேர்ந்தார். சமையல் தரம் குறையவில்லை. கோமாளிகள்தான் தாங்கள் வேடிக்கையாக இருக்கிறோம் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். முதல் இரண்டு சீசனில் சிரிப்பு சமையல் கெட்டுப்போனதில் பிறந்தது, இப்போது சமையலை நிறுத்திவைத்துச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு உட்கார இன்னும் பாதுகாப்பான நிகழ்ச்சி இது.

வெப் தொடர்களில் எதை முதலில் பார்ப்பது? பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால் ‘அயலி’யில் தொடங்குங்கள். ஜீ5இல் 2023 ஜனவரியில் வந்தது, எட்டு எபிசோட். பெரியபிள்ளை ஆனதும் படிப்பை நிறுத்திவிடும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றில், ஒரு பெண் தான் பெரியபிள்ளை ஆனதையே மறைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள். துணியைத் துவைத்து மறைக்கும் காட்சியில் இசையே இல்லாமல் பதைபதைப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடும், அம்மம்மாவோடும் கூட, சேர்ந்து பார்த்துப் பிறகு கதைக்கலாம்.

‘விலங்கு’ ஏழு எபிசோட், 2022. பொலிஸ் நிலையத்தின் அன்றாடத்தை இவ்வளவு நம்பும்படி எடுத்த தமிழ்த் தொடர் வேறு இல்லை. ஆனால் அடியும் உதையும் பிண அறைக் காட்சிகளும் உண்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

‘சுழல்’ முதல் சீசன் 2022இல், இரண்டாவது 2025 பெப்ரவரியில், இரண்டும் எட்டு எபிசோட். முதல் சீசன் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு கொலை விசாரணையைப் பின்னியது. திருவிழா அங்கே அலங்காரம் இல்லை, ஒவ்வொரு நாள் சடங்கும் கதையை ஒரு படி தள்ளியது. இரண்டாவது சீசனிலும் அட்டகாளித் திருவிழா உண்டு, கொலையை ஒப்புக்கொள்ளும் எட்டுப் பெண்கள் உண்டு. தொடக்கம் அபாரம். ஆனால் எட்டுப் பேருக்கும் சமமாகக் கதை சொல்ல வேண்டிய கட்டாயத்தில் ஐந்தாம் எபிசோடிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டார்கள். முதல் சீசனைப் பார்க்காமல் இரண்டாவதைத் தொடங்க வேண்டாம், நந்தினி ஏன் சிறையில் இருக்கிறாள் என்பதன் கனம் தெரியாது.

‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாவது சீசன் பற்றி உங்கள் கருத்து? மூன்றாவது பார்க்கலாமா?

2021 ஜூனில் வந்த, இந்த ஹிந்தித் தொடரின் இரண்டாவது சீசன் ஈழப் போராளிகளைக் கதைக்குள் கொண்டுவந்தது. முன்னோட்டம் வெளியானபோதே தமிழ்நாட்டு அரசு அதைத் தடைசெய்யக் கேட்டது. போராளி ராஜியாகச் சமந்தா கவனமாக நடித்திருந்தார். தமிழ் வசனங்களைத் தமிழிலேயே விட்டதும் மதிக்கத்தக்கது. எங்கள் மறுப்பு கதையின் அடித்தளத்தில் இருக்கிறது. போராளிகளையும் பாகிஸ்தான் உளவுத்துறையையும் ஒரே சதியில் கட்டியது, இங்கே வாழ்ந்தவர்களின் வரலாற்றை இன்னொரு நாட்டின் பயத்துக்கு வசதியாக வெட்டித் தைத்த வேலை. ராஜி பட்ட கொடுமையை ஒரு நினைவுக் காட்சியில் முடித்துவிட்டு, அவளைத் தடுக்க வேண்டிய குண்டாக மட்டும் மீதி எபிசோட்களில் பார்த்தார்கள்.

பேச்சும் முழுதாகப் பொருந்தவில்லை. ‘ஓம்’ என்று தொடங்கி ‘வர்றேன்’ என்று முடித்தால் காதில் குத்தும். எங்கள் ஆட்கள் ‘வாறன், போறன்’ என்றுதான் சொல்வார்கள். வினைமுற்றைக் கவனிக்க உள்ளூர் ஆள் ஒருவரை டப்பிங் அறையில் உட்கார வைத்திருந்தால் போதும், பெரிய செலவில்லை.

மூன்றாவது சீசன் 2025 நவம்பரில் வந்தது, ஏழு எபிசோட், கதை இந்தியாவின் வடகிழக்கில். வேகமாகப் போகிறது, ஜெய்தீப் அஹ்லாவத் நன்றாகச் செய்திருக்கிறார். முடிவு பாதியில் நிற்கிறது. முழுக்கதை வேண்டுமென்பவர்கள் அடுத்த சீசன் வரும்வரை பொறுக்கலாம்.

ஒரு சீசனுக்கு எவ்வளவு டேட்டா போகும்?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கை மற்றச் செயலிகளுக்கும் ஒரு மதிப்பீடாக எடுக்கலாம்: மணிக்குக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை. முக்கால் மணி எபிசோட் எட்டு என்றால் ஆறு மணி நேரம். நடுத்தரத்தில் சுமார் 4 ஜிபி, எச்டியில் 18 ஜிபி வரை. போனில் பார்ப்பதற்கு நடுத்தரம் தாராளம். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்தில் பதிவிறக்கி வையுங்கள், மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பார்க்கலாம். பிரைமில் பதிவிறக்கியதைப் பார்க்கத் தொடங்கினால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஆகவே எட்டு எபிசோடையும் ஒரே நாளில் தொடங்கி வைக்காதீர்கள்.

பிக் பாஸ் தொடங்கும் ஒக்டோபரில்தான் டிஷ்ஷும் படுக்கிறது. என்ன செய்வது?

வாடைமழை அதே மாதத்தில் தொடங்குகிறது என்பதுதான் காரணம். செய்மதி அலையைக் கனத்த மழை உறிஞ்சிவிடும். கொட்டும் மழையில் கொஞ்ச நேரம் படம் போவது இயல்பு, அப்போது தட்டைத் தொடாதீர்கள். தூறலுக்கே போனால்தான் கோளாறு.

டயலொக் டிவியின் செய்மதி கிழக்கு நெட்டாங்கு 45 பாகையில் நிற்கிறது. திருகோணமலையிலிருந்து தட்டு மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்வாக, கிட்டத்தட்ட 47 பாகை உயரத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் தென்னையோ மாவோ கோடையில் வளர்ந்து மறைத்திருக்கிறதா என்று செப்டெம்பரிலேயே பாருங்கள். நனைந்த இலை காய்ந்த இலையைவிட அதிகம் மறைக்கும்.

அடுத்தது உப்பு. திருக்கடலூர், உப்புவெளி போலக் கடலை ஒட்டிய வீடுகளில் எல்என்பியில் (தட்டின் முன் நீட்டியிருக்கும் அலைவாங்கி) பூட்டும் எஃப் கனெக்டர் என்ற கேபிள் முனைதான் முதலில் போகும். ரிசீவரின் கரண்டை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் கேபிளில் ஓரடி வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்புக்கு வெளியே 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். வெளிப்பின்னலின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது, தொட்டால் ஷோர்ட்டாகி ஒரு அலைவரிசையும் வராது. பூட்டிய பின் தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் தண்ணீர் அதன் அடியில் சொட்டிப் போகும், சுவருக்குள் வராது.

எங்கள் சொந்த அலைவரிசைகளில் ஏன் நாடகம் குறைவு?

1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் வந்தன, ரூபவாஹினியின் நேத்ராவும் இருக்கிறது. செய்தியும் கோயில் திருவிழா நேரலையும் நன்றாகச் செய்கிறார்கள். நாடகம் என்றால் காசு. இந்திய நாடகமோ மொழிமாற்றிய தொடரோ வாங்குவது, புதிதாக ஒரு எபிசோட் எடுப்பதைவிட மலிவு. விளம்பரம் தருபவர்களும் தெரிந்த முகங்களையே கேட்கிறார்கள்.

நூறு எபிசோட் எடுக்க முயல்வதால்தான் இங்கே நாடகங்கள் பாதியில் நிற்கின்றன என்பது எங்கள் எண்ணம். ஆறு எபிசோட், ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம், ஒரு தெரு, ஒரு வீடு, ஐந்து நடிகர்கள் என்று எழுதினால் இரண்டு கமராவோடு எடுத்து முடிக்கலாம். கதைக்கும் பஞ்சமில்லை. மூதூர்ப் படகுத்துறை, தம்பலகாமத்து வயல், நிலாவெளி ஹோட்டல்களில் சீசனுக்கு வேலைக்கு வரும் பொடியங்கள் என்று ஒவ்வொன்றிலும் ஆறு எபிசோட் இருக்கிறது. அப்படி யாராவது உள்ளூரில் எடுத்து யூடியூப்பில் போட்டால், முதல் எபிசோடின் ஒலி சரியில்லையென்று விட்டுவிடாமல் இரண்டாவதையும் பாருங்கள். உள்ளூர்ப் படைப்புகளில் அதிகம் சறுக்குவது ஒலிதான். கடற்கரைக் காற்றில் கமராவின் மைக்கை மட்டும் நம்பி எடுத்துவிடுகிறார்கள். சட்டையில் குத்தும் சிறு மைக்கும் அதற்கொரு பஞ்சுறையும் இருந்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். அதையே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதுவதைவிட எடுத்தவருக்கு அது பயன்படும்.